ரூட்டு முசேயும் வராத குதிரையும்

ஒரு பெரிய மனிதரைச் சுட்டுவிட்டுப் புதுச்சேரியிலிருந்து குதிரையில் தப்பித்துப் போக எத்தனை வழி உண்டு என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். எங்கள் ரூட்டு முசே. இத்தனைக்கும் அவர் கொசுவை அடித்தால்கூடச் சிலுவை போட்டுக்கொள்கிறவர். குதிரை மேல் ஏறினதும் கிடையாது, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளில் நானும் கூட இருந்தேன். நான் இல்லாவிட்டால் அந்த நாளே நடந்திருக்காது. ஏனென்றால் குதிரை என்னுடையது.

நான் யார் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கினவன் நான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனேன், அதில் மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை நன்றாகப் படித்தேன். இன்றைக்கு ரெட்டியார்பாளையத்தில் எனக்கு மாடி மேல் மாடி வைத்த வீடு. பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர், சீரியல் லைட்டு, மாப்பிள்ளை ஏறி வர ஒரு வெள்ளைக் குதிரை, எல்லாம் என் உழைப்பு. இந்த ஊரில் பாதிப் பேர் என் நாற்காலியில் உட்கார்ந்துதான் மாப்பிள்ளை ஆனார்கள். மீதிப் பேர் என் பந்தலுக்குக் கீழே படுத்துத்தான் போய்ச் சேர்ந்தார்கள். எம்.ஏ. படித்தவனெல்லாம் என்னிடம் பாத்திரம் எண்ணிக்கொண்டிருக்கிறான். அதை விடுங்கள், முசே கதைக்கு வருவோம்.

ரூட்டு முசேக்கு பஸ் ஸ்டாண்டில் வேலை. பிரைவேட் பஸ்களை விசிலடித்துக் கிளப்பிவிடுகிற டைம் கீப்பர். முசே என்பது பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன மரியாதை. ரூட்டு என்பது நாங்களே கொடுத்த பட்டம். திண்டிவனம் பஸ் எது என்று ஒருத்தன் கேட்டால் கையைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். "மூணாவதா நிக்குது. இடது பக்கம் குந்தாத, கிளியனூர் வரைக்கும் வெயிலு மூஞ்சியிலயே அடிக்கும்" என்பார். வேலையை விட்டு வந்த பிறகும் வழி சொல்லுவதை விடவில்லை. ஆனால் அவர் மனசில் ஓடின வழி பஸ் போகிற வழியே இல்லை. அது ஒரு கொலைகாரன் போயிருக்க வேண்டிய வழி.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ஊரில் எலெக்ஷன் என்றால் வோட்டை எண்ணுவதற்கு முன்னால் உடைந்த மண்டையை எண்ணுவார்கள். அப்படி ஒரு தகராறில், காலையில் கடற்கரையில் காற்று வாங்க வந்த ஒரு கட்சித் தலைவரை ஒரு இளைஞன் சுட்டுவிட்டான். அவனைப் பாதி ஊர் தியாகி என்றது, பாதி ஊர் கொலைகாரன் என்றது. டீக்கடையில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அவன் தப்பிக்கப் போட்ட திட்டத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சுட்டுவிட்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஓடி, பெரிய மார்க்கெட்டின் பின்சந்துக்கு வர வேண்டும். அங்கே ஒரு குதிரை நிற்கும். ஏறி முத்தியால்பேட்டை வழியாக வடக்கே விரட்டினால் கோட்டக்குப்பம். அது அன்றைக்கு இங்கிலீஷ்காரன் மண். பிரெஞ்சு போலீஸ் எல்லையில் நின்று கையைப் பிசைய வேண்டியதுதான்.

சுட்டவன் சந்துக்கு வந்து சேர்ந்தான். குதிரை வந்து சேரவில்லை. மீன்கூடைகளுக்கு நடுவில் வைத்து அவனைப் பிடித்தார்கள். கப்பலில் ஏற்றி ஏதோ ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். அவன் திரும்பவே இல்லை.

குதிரையோடு வர வேண்டிய ஆள் நெல்லித்தோப்பில் ஜட்கா வண்டி ஓட்டினவர். ரூட்டு முசேயின் தாத்தா. ஊரே அவரைப் பிடித்து உலுக்கியது. காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டான் என்றது. சாகிற வரைக்கும் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "நான் கெளம்பிட்டேன்." கிளம்பினவர் ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாராம். அன்றைக்கு விழுந்த பெயர்தான் 'குதிரை வராத வீடு'. அந்த வீட்டில் யாராவது ஒரு விசேஷத்துக்கு வருகிறேன் என்று சொன்னால், "வருவியா, இல்ல கெளம்புவியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். முசேயின் அப்பா அதைக் கேட்டுக் கேட்டுக் கூனிப்போனார். முசே கூனவில்லை. ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்.

அவர் கட்சி ஒன்றுதான். குதிரை வந்தது, ஆள்தான் வேறு சந்தில் நுழைந்துவிட்டான். இதை நிரூபிக்க ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள சந்து பொந்தையெல்லாம் குறுக்கே அளந்தார். குடைதான் குதிரையின் வயிறாம். மார்க்கெட்டில் ஒரு பூக்கார அம்மா தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"இன்னா முசே, எங்கடைக்குள்ள குதிரைய உடப் போறியா?"

"நீ கொஞ்சம் அப்பால தள்ளிக் குந்தினா தாராளமா போவும்மா."

"நாலு முழம் பூ வாங்க வக்கில்ல, நாலு கால் பிராணிக்கு வழி கேக்குது பாரு."

வடக்கு வழியில் அவருக்கு ஒரு பெரிய கவலை. எங்கள் ஊர் மண் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. கோட்டக்குப்பம் இங்கிலீஷ்காரனுடையது, அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் பிள்ளைச்சாவடி, அது மறுபடியும் பிரெஞ்சுக்காரனுடையது. "தப்பிச்ச வேகத்துல நிறுத்தாம ஓட்டினான்னு வையி, திரும்பவும் போலீஸ் மடியிலயே போயி வுழுவான். எங்க நிக்கணும்னு குதிரைக்கு யார் சொல்றது?" என்று என் கடைக்கு வந்து தலையில் கை வைத்துக்கொள்வார். இன்னொரு நாள் என் வீட்டு வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். என் வீடு இருக்கிற விழுப்புரம் ரோட்டு வழியை அன்றைக்கு எடுத்திருந்தார் போலிருக்கிறது.

"நீ இங்க வூடு கட்டினது தப்புய்யா. குதிரை திரும்ப எடமே இல்ல."

"எந்தக் குதிரை முசே?"

"வந்திருந்தா?"

நான் ரத்தம் சிந்திக் கட்டின வீட்டை, வராத குதிரைக்காக இடிக்கச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

இந்த ஆராய்ச்சி ஒருநாள் என் கழுத்துக்கே கத்தி வைத்தது. டில்லியிலிருந்து ஒரு பெரிய புள்ளி கடற்கரைக்கு வருகிற நாள். அடிக்கு ஒரு போலீஸ். நம் ஆள் அங்கே போய், மஃப்டியில் நின்ற ஒருத்தரிடம் பக்குவமாகக் கேட்டிருக்கிறார்: "தம்பி, இங்க ஒருத்தரச் சுட்டுட்டு ஓடணும்னா எந்தச் சந்து வசதியா இருக்கும்?"

அடுத்த நிமிஷம் ஜீப்பில் இருந்தார். உன் கூட்டாளி யார் என்று கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாத மனிதர், "ஒருத்தர்தாங்க. ரெட்டியார்பாளையத்துல பந்தல் போடறவர். குதிரை தரேன்னு சொல்லியிருக்கார்" என்று, நான் எப்போதோ விளையாட்டுக்குச் சொன்னதைச் சொல்லிவிட்டார். சாப்பிட உட்கார்ந்த என்னை எச்சில் கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வாழ்க்கையில் எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன் நான். அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கால் இரண்டும் தானாகவே ஒட்டிக்கொண்டன.

இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார். "சுடப்போறது யாரு?"

"போறதில்ல சார், சுட்டாச்சி" என்றார் முசே.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

"சுட்டவன் எங்க?"

"தீவுல சார்."

"எந்தத் தீவு?"

"அதான் சார் யாருக்கும் தெரியல. எங்க தாத்தா காலத்துல கப்பல்ல ஏத்தினாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்து வெகுநேரம் அதையே பார்த்தார். அவர் தங்கை கல்யாணத்துக்குப் பந்தல் என்னுடையது. அதனால் வெளியே வந்தோம். படியிறங்கும்போது முசே என் காதில், "அந்தத் தம்பி சந்தச் சொல்லவே இல்லய்யா" என்றார்.

சிரிக்கிற விஷயம் இத்தோடு முடிகிறது. முசேக்கு ஒரே மகள், அமலி. நர்ஸ். தாயில்லாத பெண். கூட வேலை செய்கிற லேப் பையன் ஒருவனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. ஒரே வேதம், ஒரே தகுதி. தடை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெண் கேட்டு வந்த அன்றைக்குப் பெண் வீட்டுப் பெரிய மனிதனாக என்னைத்தான் உட்காரவைத்திருந்தார்கள். உட்காரவைக்காவிட்டால் நானே உட்கார்ந்திருப்பேன்.

பையனுக்குத் தகப்பன் இல்லை. பெரியப்பாதான் எல்லாம். மீன்பிடிக்கிறவர்களுக்கு ஐஸ் அடித்துத் தருகிற கம்பெனி வைத்திருப்பவர். ஐஸ்காரர் என்றால் முத்தியால்பேட்டையில் குழந்தைக்கும் தெரியும். அவர் காபியை வாயில் வைத்தார், சுவரில் இருந்த பழைய ஜட்கா படத்தைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஜட்கா வெச்சிருந்த குடும்பமா?"

"ஆமாங்க. எங்க தாத்தா" என்றார் முசே.

"குதிரை வராத வூடு?"

அடுக்களை வாசலில் கேக் தட்டோடு நின்ற அமலி அப்படியே நின்றாள். பையன் தரையைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தீவுக்குப் போனவனுடைய கூடப் பிறந்த தம்பியின் பேரன்தான் இந்த ஐஸ்காரர். அவர்கள் வீட்டில் அவன் படத்துக்கு இன்றைக்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்களாம்.

முசே இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். "குதிரை வந்துதுங்க. உங்க பெரிய தாத்தாதான் வேற சந்துல பூந்துட்டார்" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தி வீட்டுத் தியாகிக்கு வழி தெரியாது என்று பெண்ணைப் பெற்றவன் முகத்துக்கு நேராகச் சொல்லி எந்தக் கல்யாணமும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஐஸ்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அந்தச் சந்தப் பாத்திருக்கேன். அதுல குதிரை வராது, நிக்காது. உங்க தாத்தா கெளம்பவே இல்ல. அதான் நெசம்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு செய்யி. இந்த வூட்லேருந்து அந்தச் சந்துக்கு ஒரு குதிரைய நீயே ஓட்டிட்டு வந்து நிறுத்து. பட்டப்பகல்ல. கூட ஆள் இருக்கக் கூடாது. நிறுத்திட்டியா, நாஞ் சொன்னது தப்புன்னு பொண்ண எடுக்கறேன். நிறுத்தலியா, குடிச்ச காப்பியோட போயிடறோம்."

"குதிரை நான் தரேன்" என்று சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

அவர்கள் போன பிறகு அமலி வாசல் வரை வந்தாள். "மாமா, அப்பாவ குதிரை மேல ஏத்தாதீங்க. வுழுந்துடுவார்."

"வுழமாட்டாரும்மா. அது எங்குதிரை."

"வுழலன்னா, போயி சேருமா?"

நான் செருப்பை மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அவங்க பெரியப்பாதான் அவர வளத்தார் மாமா. அவர் பேச்சத் தாண்டி வரமாட்டார். நானும் வரச் சொல்லமாட்டேன்." அவள் அழவில்லை.

என் குதிரையின் பெயர் சுல்தான். அதன் முதுகில் ஏறாத மாப்பிள்ளை இந்த ஊரில் மாப்பிள்ளையே இல்லை. குறித்த நாள் காலையில் நெல்லித்தோப்பு வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுவந்தோம். என் நாற்காலி ஒன்றைப் போட்டு முசேயை ஏற்றினோம். என் நாற்காலியில் அத்தனை பயத்தோடு ஏறினவரை நான் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டார். குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஏழுமலை கயிற்றைத் தொடப்போனான்.

"உடு. அன்னிக்கி அவங்க தாத்தா கூட ஆள் வந்துச்சா?" என்றார் ஐஸ்காரர்.

ஏழுமலை கையை எடுத்தான். ஐஸ்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் நான். முன்னால் குதிரை.

தெருமுனை வரைக்கும் ராஜநடை. முதல் நாற்சந்தி வந்தது. சுல்தான் நின்றுவிட்டது. ஊர்வலக் குதிரைக்கு அதுதான் பழக்கம். நாற்சந்திக்கு நாற்சந்தி நிற்க வேண்டும், டிரம்செட் அடிக்க வேண்டும், பொடியன்கள் ஆட வேண்டும், அடி ஓய்ந்த பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும். அப்படிப் பழக்கச் சொன்னவனே நான்தான். இப்போது டிரம்மும் இல்லை, ஆட்டமும் இல்லை. சுல்தான் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன.

"இன்னா தாத்தா, ரெண்டாந்தாரமா?" என்றான் ஒரு ஆட்டோக்காரன்.

ஒரு பிரைவேட் பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். "முசே, எத்தினி நாளு என்ன விசிலடிச்சி வெரட்டினீங்க. டைம் ஆச்சி, வண்டிய எடுங்க."

முசே எதற்கும் திரும்பவில்லை. உதடு மட்டும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு கையாலும் டிரம் அடித்தேன்.

"அன்னிக்கி எவன் மேளம் அடிச்சான்?" என்றார் ஐஸ்காரர். கையை மடக்கிக்கொண்டேன். நல்லவேளை, யாரோ வண்டியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனான். அது போய் ஓய்ந்ததும் சுல்தான் நகர்ந்தது. இப்படி ஒவ்வொரு நாற்சந்தியிலும் செத்துச் செத்துப் பிழைத்து மார்க்கெட் பக்கம் வந்து சேர்ந்தோம். மீன் நாற்றம் வந்துவிட்டது. சந்தின் வாய் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு திருப்பம். முசே முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். ஐஸ்காரர் முகம் இறுகியது. நான் மனசுக்குள் பந்தலே போட்டுவிட்டேன்.

அப்போது டிரம்செட் கேட்டது.

சுல்தானின் காது நிமிர்ந்தது. அந்தக் காதை எனக்குத் தெரியும். இன்றைக்குக் கல்யாணத்துக்கு அடிக்கிற அதே செட்டுதான் சாவுக்கும் அடிக்கிறது. ஆளும் அதே ஆள், அடியும் அதே அடி. வித்தியாசம் மனிதனுக்குத் தெரியும், குதிரைக்கு எப்படித் தெரியும்? எதிர்த் தெருவில் ஒரு சாவு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. சுல்தான் சந்துக்கு முதுகைக் காட்டிவிட்டு நேராக அங்கே போயிற்று. முசே இழுத்தார், உதைத்தார், கெஞ்சினார். அது பூப்பல்லக்குக்கு முன்னால் போய், கழுத்தை நிமிர்த்தி, தன்னுடைய இடத்தில் நின்றது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் அதன் இடம் அதுதான்.

டிரம் நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தலையில் துண்டு கட்டின ஒருத்தன், கண் சிவந்திருந்தது, முசேயின் காலைப் பிடித்தான்.

"யோவ். எங்க நைனா சாவுல கல்யாணக் குதிரை உட்றியா? நக்கலா?"

"இல்லப்பா... அது வந்து... வடக்க போவணும்..."

"எறக்குடா அவன" என்றது ஒரு குரல். நாலைந்து கை நீண்டது. விழுந்தால் அவர் இடுப்பு என்ன ஆகும், மிதித்தால் என்ன ஆகும் என்றுதான் யோசிக்க முடிந்தது. அமலியிடம் என்ன சொல்லுவேன்?

ஐஸ்காரர் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டார். செருப்பைக் கழற்றினார். கூட்டத்துக்குள் நடந்து போய்ப் பல்லக்குக்கு முன்னால் நின்று கும்பிட்டார். பிறகு வந்து சுல்தானின் கயிற்றைப் பிடித்தார்.

"கைய எடு தம்பி. பெரியவருக்கு மரியாதை பண்ண வந்திருக்கோம். முன்னால குதிரை வுட்டு நடத்திக் கூட்டிட்டுப் போறோம்."

"இது எந்த ஊரு வழக்கம்?"

"பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம்."

எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எதையும் ஒப்புக்கொள்வார்கள். துண்டு கட்டினவன் குதிரையை ஏற இறங்கப் பார்த்தான். மேலே உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த முசேயைப் பார்த்தான். காலை விட்டான். "அடிங்கடா" என்றான் டிரம்காரர்களிடம்.

இப்படியாக, முன்பின் தெரியாத ஒரு மனிதருடைய கடைசிப் பயணத்துக்கு ரூட்டு முசே குதிரைமேல் தலைமை தாங்கிப் போனார். கயிற்றைப் பிடித்தபடி ஐஸ்காரர் வெறுங்காலில் நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கயிற்றை மார்க்கெட் பக்கம் இழுத்துப் பார்த்ததை நான் பின்னாலிருந்து கவனித்தேன். சுல்தான் டிரம்மை விட்டு ஒரு அடி நகரவில்லை. முசே திரும்பித் திரும்பி அந்தச் சந்தையே பார்த்தார். அது சின்னதாகி, சின்னதாகி, மறைந்துவிட்டது.

சுடுகாட்டு வாசலில் இறக்கினோம். முசே மதிலோரம் உட்கார்ந்தார். "முடிஞ்சிபோச்சி" என்றார். "எம்பொண்ணு வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன்." பேச்சுக்குப் பேச்சு வழி சொல்லுகிற மனிதர், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐஸ்காரர் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கயிறு அறுத்து உள்ளங்கை சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் இழுத்துப் பாத்தேன். எங்கையில ஐஸ் பார் தூக்கின பலம் இருக்குது. திரும்பலியே. தெனம் இன்னா செய்யுதோ அதத்தான் செய்யுது சனியன்."

முசே தலையைத் தூக்கினார். எதையோ கேட்டமாதிரி முகம். "எங்க தாத்தா குதிரை தெனம் காலையில ஸ்டேஷனுக்குப் போவும். ரயிலு வர்ற நேரத்துக்கு."

"சரி."

"உங்க பெரிய தாத்தா சுட்டதும் காலையிலதான்."

ஸ்டேஷன் தெற்கே. மார்க்கெட் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ஜட்கா குதிரைங்க. வண்டி இல்லாம அத ஓட்டினதே இல்ல. அன்னிக்கித்தான் மொத தடவ" என்றார் முசே. இத்தனை வருஷமும் குடையால் சந்தை அளந்தாரே தவிர, குதிரைக்கு எங்கே போக ஆசை என்று அவர் கேட்டுப் பார்க்கவே இல்லை. யாருமே கேட்கவில்லை.

"அப்ப உன் தாத்தா அத வெளிய சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்லுவார்? அங்க ஒரு உசுரு மாட்டிக்கிட்டு நிக்கிது. எங்குதிரை ரயிலுக்குப் போயிடுச்சின்னா? சிரிக்க மாட்டாங்க? துரோகின்னு சொல்றத வாங்கிக்கலாம்னு வுட்டுட்டார் போல."

உள்ளே சங்கு ஊதினார்கள். ஐஸ்காரர் முசேக்குப் பக்கத்தில், அதே மண்ணில் உட்கார்ந்தார். பெரிய மனிதர், வெள்ளை வேட்டி. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எங்க வூட்ல ஒவ்வொரு பண்டிகைக்கும் உங்க தாத்தாவத் திட்டிட்டுத்தான் சோத்துல கைய வெப்போம். எங்கப்பா திட்டினார். நானும் திட்டினேன்" என்றார். பிறகு போனை எடுத்தார். எதிர்முனையில் பையன். "டேய், சாமியாரப் பாத்து ஓலை வாசிக்கச் சொல்லு. வர்ற ஞாயித்துக்கெழமையே மொத ஓலை." கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் பெயர் படிப்பதற்குப் பெயர் ஓலை. முசே ஐஸ்காரரின் சிவந்த உள்ளங்கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐஸ்காரர், "யோவ், உடுய்யா, எரியுது" என்றார்.

கல்யாணத்துக்குப் பந்தல் என்னுடையது என்று சொல்லவும் வேண்டுமா? நான் போட்ட பந்தல்களிலேயே பெரியது. இரண்டு குடும்பமும் சேர்ந்து பழியைத் தூக்கிச் செத்துப்போன ஒரு ஜட்கா குதிரையின் தலையில் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிட்டார்கள். அமலி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு நான் இன்னொரு பந்தல் சும்மாவே போடுவேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தொந்தரவு ஆரம்பித்தது. முசே தினமும் என் கடைக்கு வருவார். உட்காருவார். பேப்பர் படிப்பார். டீ சொன்னால் குடிப்பார். அவ்வளவுதான். எந்தத் தெருவையும் பற்றிப் பேச்சில்லை, என் வீடு தப்பான இடத்தில் இருக்கிறது என்ற புகார் இல்லை. மகளும் போய்விட்டாள், பழியும் போய்விட்டது. அவரைப் பார்க்கக் கடைசி டிரிப் அடித்துவிட்டு ஷெட்டில் நிற்கிற பஸ் மாதிரி இருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். இரண்டாவது வாரம் என்னால் முடியவில்லை.

"முசே."

"இன்னா."

"எல்லாம் சரி. அந்த ஆளு தெக்கால ஓடியிருந்தா?"

பேப்பர் இறங்கவில்லை. "தெக்கால ஆறு இருக்குதுய்யா."

"குதிரைக்கு நீஞ்சத் தெரியாதா?"

பேப்பர் மெதுவாகக் கீழே வந்தது. உலகத்திலேயே பெரிய முட்டாளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"ஆழம் பாக்காம அப்பிடிச் சொல்லக் கூடாது. அரியாங்குப்பம் பாலத்துக்கிட்ட போயி நின்னுதான் சொல்லணும்." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நீ வரியா, இல்ல வேல இருக்குதா?"

அன்றைக்கு இரண்டு கல்யாணத்துக்குச் சாமான் ஏற்ற வேண்டியிருந்தது. லாரி வாசலில் நின்றது. எனக்கு என்ன வேலை இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.